புழுதியை உண்ணும் எஞ்சின்கள்

தென்காசி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில் அமைந்த சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஓடும் வண்டி ஒன்று, ஒரே நாளில் இரண்டு வேறுபட்ட மண்ணைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும்போது செம்மண்ணும் சரளையும் கலந்த தோட்டத்துப் பாதைகள் வருகின்றன. கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டி பக்கம் திரும்பினால் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காடு தொடங்குகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இந்தக் கரிசல், வண்டித்தடத்தில் சக்கரம் பட்டுப் பட்டு மாவாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வீசும் மாதங்களில் அந்த மாவு எழும்பி நிற்கிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால், அதே மண் நீரை உறிஞ்சி உப்பி, டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடுகிறது. டிராக்டர்கள், பொலேரோக்கள், இன்னும் விடைபெறாத பழைய ஜீப்புகள், காற்றாலைகளின் பராமரிப்புக்காகத் தார்ச்சாலையை விட்டு உள்ளே செல்லும் வண்டிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே அன்றாடக் களம்.

இத்தகைய தடங்களுக்கான வண்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பொதுவாக இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள்: குதிரைத்திறன் எவ்வளவு, முறுக்குவிசை எவ்வளவு. இரண்டுமே எஞ்சின் வெளியே தருவதைக் குறிக்கும் எண்கள். அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஓர் எஞ்சின் கரிசல் காட்டில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது எஞ்சின் உள்ளே இழுக்கும் மூன்று பொருள்கள்: காற்று, எரிபொருள், நீர். தரமான சாலையில் இம்மூன்றும் ஏறத்தாழத் தூய்மையாகவே கிடைப்பதால் எஞ்சின்களுக்கிடையே உள்ள வேறுபாடு வெளியே தெரிவதில்லை. சாலை முடிந்து தடம் தொடங்கும் இடத்தில்தான் ஒவ்வோர் எஞ்சினும் இவற்றை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது அதன் ஆயுளை முடிவு செய்கிறது.

முதலில் அடிப்படை வேறுபாட்டைப் பார்க்கலாம். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, சிலிண்டருக்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்றவைக்கப்படுகிறது. ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய முறையில் பொறிக்கு இடமில்லை. வெறும் காற்று மட்டும் பதினாறில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்கு வரை அமுக்கப்படுகிறது, அந்த அமுக்கத்தாலேயே அது 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது, அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பிடிக்கிறது. சிலிண்டரின் முழுக் கொள்ளளவுக்கும் அமுக்கத்துக்குப் பின் எஞ்சும் இடத்துக்கும் உள்ள இந்த விகிதமே அமுக்க விகிதம். அது உயர உயர எரிபொருளின் வெப்பத்தில் கூடுதலான பங்கு வேலையாக மாறுகிறது. கூடவே பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஆகியவை கனமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டிய கட்டாயமும் வருகிறது. டீசல் எஞ்சினின் எடை, விலை, அதிர்வு, நீண்ட ஆயுள் ஆகிய நான்குக்கும் வேர் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

முறுக்குவிசை என்பது கிராங்கைத் திருப்பும் விசையின் அளவு. திறன் என்பது அந்த விசை எவ்வளவு வேகமாகச் செலுத்தப்படுகிறது என்பதன் அளவு. இந்தியத் தடங்களில் நெடுங்காலம் ஓடிய இரண்டு வண்டிகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். மாருதி ஜிப்சி கிங்கின் 1,298 சிசி பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 80 குதிரைத்திறனும், 4,500 சுற்றில் 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. மஹிந்திராவின் 2,523 சிசி டீசல் எஞ்சினோ 63 குதிரைத்திறனோடு நின்றுவிட்டது. ஆனால் வெறும் 1,500 சுற்றிலேயே 180 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுத்தது. தாளில் வலிமை குறைந்ததாகத் தெரியும் எஞ்சின், சக்கரம் மெல்லச் சுழல வேண்டிய இடத்தில் வலிமை மிகுந்ததாக இருக்கிறது. புதிய எஞ்சின்களில் இந்த இடைவெளி ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் 2.2 லிட்டர் டீசல், 2 லிட்டர் பெட்ரோல் ஆகிய இரண்டுமே கைக்கியர் வடிவில் 300 நியூட்டன் மீட்டர் தருகின்றன. பெட்ரோல் எஞ்சினிலும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சேர்ந்ததால் 1,250 சுற்றிலேயே அந்த அளவு கிடைத்துவிடுகிறது. மாருதியின் ஜிம்னி மட்டும் பழைய வழியில் நின்று, டர்போ இல்லாத 1,462 சிசி எஞ்சினில் 4,000 சுற்றில் 134 நியூட்டன் மீட்டர் என்று நிறுத்திக்கொண்டது.

தடத்துக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஆட்களோடும் சாமான்களோடும் 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி, ஓடைக்குள் இறங்கி எதிர்க்கரையில் 20 டிகிரிச் சரிவில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். புவியீர்ப்பை எதிர்க்க ஏறத்தாழ 6,700 நியூட்டனும், பொதபொதத்த மண்ணின் தடையை வெல்ல இன்னும் 1,500 நியூட்டனும், மொத்தம் 8,200 நியூட்டன் விசை தேவை. சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், சக்கரங்களில் 2,870 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்து சேர வேண்டும். முதல் கியரும் அச்சிலுள்ள பற்சக்கரங்களும் சேர்ந்து எஞ்சினின் விசையை 17 மடங்காக்குகின்றன, வழியில் 15 விழுக்காடு உராய்வில் வீணாகிறது என்று கொண்டால், எஞ்சின் தர வேண்டியது 199 நியூட்டன் மீட்டர். மேலே சொன்ன 2,523 சிசி டீசல் எஞ்சின்கூட இதில் திணறிப்போகும். இப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் துணைப் பெட்டியிலுள்ள லோ கியரைப் போட்டால், பழைய ஜீப்பில் அது விசையை இன்னும் 2.46 மடங்கு பெருக்குகிறது. தேவை 81 நியூட்டன் மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஜிப்சியின் சிறிய எஞ்சினுக்கே அது எட்டும் அளவு.

இந்தக் கணக்கு இன்னொரு செய்தியையும் தருகிறது. மண் தாங்கும் விசைக்கும் ஓர் எல்லை உண்டு. நனைந்த களிமண்ணில் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு, வண்டியின் எடையில் 30 விழுக்காடு அளவுக்குத்தான் கிடைக்கிறது என்றால், நான்கு சக்கரங்களும் இழுத்தாலும் அந்த வண்டி செலுத்தக்கூடிய அதிகபட்ச விசை 5,900 நியூட்டன். ஏறுவதற்கு வேண்டியது 8,200. ஆகவே, மழையில் ஊறிய கரிசல் கரையில் 63 குதிரைத்திறன் வண்டி ஏறாத இடத்தில் 150 குதிரைத்திறன் வண்டியும் ஏறப்போவதில்லை. கூடுதல் திறன் அனைத்தும் சக்கரத்தை வழுக்கவிட்டு மண்ணைக் குடையவே செலவாகும். லோ கியர் உள்ள வண்டிக்கு இன்று கிடைக்கும் எந்த எஞ்சினும் போதுமான வலிமை உடையதே. வலிமை பற்றிய விவாதத்துக்கு வாசகர்கள் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அடுத்து வரும் செய்திகளுக்குத் தருவது நல்லது.

மெல்ல ஊர்ந்து செல்லும் வேலையில் மட்டும் டீசலுக்கு இயல்பான இரண்டு நன்மைகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய டீசல் பம்புகளில் கவர்னர் என்னும் சுற்றுக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. சுழலும் எடைகள் எஞ்சினின் வேகம் குறைவதை உணர்ந்து எரிபொருளைத் தானாகக் கூட்டுகின்றன. அதனால் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாலும், லோ கியரில் ஜீப் அணையாமல் கல்லின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, பெட்ரோல் எஞ்சினில் குறைந்த திறன் வேண்டும்போது காற்று வரும் வழி திராட்டில் என்னும் தகட்டால் அடைக்கப்படுகிறது. மூச்சை அடைத்துக்கொண்டே ஓட வேண்டியிருப்பதால் அதன் சிக்கனம் அங்கே சரிகிறது. டீசலில் காற்று முழுமையாகத் திறந்திருக்க, எரிபொருளின் அளவு மட்டுமே மாறுகிறது. காற்றாலைகளுக்கு இடையே நாள் முழுவதும் இரண்டாம் கியரில் சுற்றும் வண்டிக்கு எரிபொருள் செலவில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

இந்திய ஜீப்பின் வரலாறும் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு நகர்ந்த வரலாறுதான். 1945-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆன நிறுவனம், 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக் கொடுக்கத் தொடங்கியது. நெடுங்காலம் விற்பனையான சிஜே-3பி வகையில் ஹரிக்கேன் என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. உள்வால்வு மேலேயும் வெளிவால்வு பக்கவாட்டிலும் அமைந்த அந்த எஞ்சின், ஏழை ஒட்டிய தாழ்ந்த அமுக்க விகிதம் கொண்டது. மட்டமான பெட்ரோலையும் தட்டல் ஒலி எழாமல் எரித்துவிடும். பெட்ரோல் விலை ஏறிய 1970-களுக்குப் பிறகு, ப்யூஜோ நிறுவனத்தின் உரிமத்தோடு 2,112 சிசி டீசல் எஞ்சின் ஜீப்பின் மூக்குக்குள் வந்தது. அதன் பின் வந்த 2,523 சிசி எஞ்சினின் அளவுகள் சுவையான ஒரு செய்தியைச் சொல்கின்றன: சிலிண்டரின் விட்டம் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 101.6 மில்லிமீட்டர், அதாவது சரியாக மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் டிராக்டர் எஞ்சினுக்கும் இதே அளவுகள்தான். அந்த நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மஹிந்திரா 1963-இல் டிராக்டர் தொழிலில் இறங்கியிருந்ததால், உழவுக்குப் பிறந்த எஞ்சின் மரபு ஒன்று ஜீப்புக்குள் குடியேறியது. சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் டிராக்டருக்கு எஞ்சின் வேலை பார்த்துப் பழகிய மெக்கானிக்கின் கைக்கு ஜீப்பும் அன்னியமாக இல்லாமல் போனதற்கு இந்த உறவு ஒரு காரணம்.

இனிப் புழுதிக்கு வரலாம். தடத்து எஞ்சினின் முதல் எதிரி அதுவே. 2,523 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு அளவுக்குக் காற்றை இழுக்கிறது. சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதில்லை என்பதைக் கழித்துப் பார்த்தாலும், மணிக்கு 120 கன மீட்டருக்குக் குறையாத காற்று உள்ளே போகிறது. முன்னால் செல்லும் வண்டி மறையும் அளவுக்குப் புழுதி எழும்பும் தடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராம் வரை தூசி மிதக்கக்கூடும். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 120 கிராம் மண் எஞ்சினின் வாசலுக்கு வந்து நிற்கிறது. ஏர் ஃபில்டர் அதில் 99.5 விழுக்காட்டைத் தடுத்தால் 0.6 கிராம் உள்ளே போகும்; 97 விழுக்காட்டைத் தடுத்தால் 3.6 கிராம். தடுக்கும் திறனில் இரண்டரை விழுக்காடு குறைவது, தேய்மானத்தில் ஆறு மடங்காக வெளிப்படுகிறது.

உள்ளே போகும் தூசியில் மிகப் பெரிய துகள்களும் மிக நுண்ணிய துகள்களும் அவ்வளவு கேடு செய்வதில்லை. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலத்தின் தடிமனை ஒத்த, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களே இரு பரப்புகளையும் ஒருசேரத் தொட்டு உரசுகின்றன. செம்மண்ணில் மிகுந்திருக்கும் படிகக்கல் துகள்கள் எஞ்சினின் வார்ப்பிரும்பைக் காட்டிலும் கடினமானவை. ஆகவே மலையடிவாரச் செம்மண் புழுதி, களிமண் மிகுந்த கரிசல் புழுதியைவிடக் கொடியது என்று கொள்ளலாம். ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே கசிந்து எண்ணெயைக் கெடுக்கிறது, எண்ணெய் மேலேறி நீலப்புகையாக வெளியேறுகிறது, அமுக்கம் குறைவதால் காலையில் எஞ்சின் எடுக்க மறுக்கிறது. வண்டி ஆயில் அடிக்கிறது என்று பட்டறையில் சொல்லப்படும் நிலை இதுவே.

இங்கே எஞ்சின் வகைகளுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒரு வேறுபாடு இருக்கிறது. திராட்டில் இல்லாத டீசல் எஞ்சின், பளு குறைவாக இருந்தாலும் முழு அளவு காற்றை இழுக்கிறது. ஊர்ந்து செல்லும் பெட்ரோல் எஞ்சின் அதே சுற்றில் அதில் ஒரு பகுதியையே இழுக்கிறது. டர்போ பொருத்திய எஞ்சினோ, பளு ஏறும்போது தன் கொள்ளளவைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் விழுங்குகிறது, போகிற வழியில் அந்தக் காற்று நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ இதழ்களின் மேல் மோதுகிறது. எனவே ஒரே தடத்தில் ஒரே வேலையைச் செய்யும் மூன்று வண்டிகளில், புழுதியைக் குறைவாக உண்பது சிறிய பெட்ரோல் எஞ்சின்தான். டீசலின் நீண்ட ஆயுள் என்னும் புகழ், ஃபில்டர் சரியாக இருக்கும் வரைக்குமே செல்லும்.

அந்த ஃபில்டரும் இரு வகைப்படும். டிராக்டர்களிலும் பழைய ஜீப்புகளிலும் இருக்கும் எண்ணெய்த் தொட்டி ஃபில்டரில், உள்ளே வரும் காற்று ஒரு கிண்ணத்திலுள்ள எண்ணெயின் மேல் மோதித் திரும்புகிறது, திரும்ப முடியாத மண் எண்ணெயில் படிகிறது, எஞ்சியதைக் கம்பிச் சுருள் பிடிக்கிறது. இதற்கு உதிரிபாகமே வேண்டாம். வயலோரத்தில் கிண்ணத்தைக் கழற்றி, சேற்றை வழித்துப்போட்டு, டீசலில் கழுவி, புது எண்ணெயைக் குறியளவுக்கு ஊற்றினால் வேலை முடிந்தது. ஆனால் காற்றின் வேகம் குறைந்தால் அது மோதும் விசையும் குறைவதால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது இதன் தடுக்கும் திறன் சரிந்துவிடுகிறது. காகித ஃபில்டர் எல்லா வேகத்திலும் 99 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கிறது. ஆனால் அடைத்துக்கொண்டால் மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்குப் பதில் பஞ்சர் கடையில் காற்றடித்துத் தட்டிப் போடும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. டயருக்கு வைக்கும் அழுத்தத்தில் அடிக்கும் காற்று காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களை உண்டாக்குகிறது, அதற்குப் பிறகு அந்த ஃபில்டர் வண்டியில் இருப்பதும் இல்லாததும் ஏறத்தாழ ஒன்றே. வெளிச்சத்துக்கு எதிரே ஃபில்டரைப் பிடித்துப் பார்த்து, மடிப்புகளுக்கிடையே ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தால்கூட அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். எஞ்சினைப் பிரித்து லைனர் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் புதிய ஃபில்டரின் விலை ஒரு பொருட்டே ஆகாது.

அடுத்தது எரிபொருள். பழைய டீசல் முறையில், கேம் அழுத்தி இயக்கும் பம்ப், டீசலைத் தெளிக்கும் நாசிலைத் திறக்க ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தைத் தந்தால் போதுமானது. 1997-இல் கார்களுக்கு வந்த காமன் ரயில் முறை, எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை இன்று 1,600 வளிமண்டல அழுத்தத்திலும் அதற்கு மேலும் தேக்கிவைத்து, கணினியின் ஆணைப்படி ஒரு சுழற்சியில் பலமுறை தெளிக்கிறது. ஸ்கார்பியோவில் 2005-இல் வந்த சிஆர்டிஇ எஞ்சின் இந்த வகையே. புகை குறைந்தது, ஒலி குறைந்தது, அதே கொள்ளளவில் திறன் இரட்டிப்பானது. இத்தனை நன்மைக்கும் கொடுத்த விலை, நாசிலுக்குள் நகரும் பாகங்களுக்கிடையே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளி இருப்பது. அந்த நுண்மைக்குத் தண்ணீர் பகை. கேனிலும் பேரலிலும் டீசலை வாங்கிவந்து வயலில் வைத்து ஊற்றும் இடங்களில், பகல் வெக்கைக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் இடையே பாதி காலியான பேரலுக்குள் ஈரம் வியர்த்து அடியில் தங்குகிறது. பழைய பம்ப் இந்த நீரைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஏர் எடுத்துவிட்டாலும் கைப்பம்பை அடித்து, நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, குமிழி நின்றதும் முறுக்கிவிட்டு ஓட்டுநரே வண்டியை எடுத்துவிடுவார். காமன் ரயிலில் அந்த நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்தானது. அத்தனை அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அதனால் புதிய எஞ்சினை வாங்குபவர், நீர்பிரிப்பானிலிருந்து அடிநீரை வடித்துவிடும் வழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பெட்ரோலுக்கும் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வந்திருக்கிறது. இப்போது நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது, ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஆற்றல் கொண்டது. அன்றாடம் ஓடும் வண்டிக்கு மைலேஜ் சற்றுக் குறைவதோடு இது முடிந்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்படும் பழைய கார்புரேட்டர் ஜிப்சியிலோ ரப்பர்க் குழாய்கள் நைந்துபோவதும் டாங்க் துருப்பிடிப்பதும் கவனிக்க வேண்டியவை.

நீரைப் பொறுத்தவரை ஆபத்து இரு வழிகளில் வருகிறது. வைப்பாற்றுக்கு நீர் சேர்க்கும் ஓடைகள் மழைக்காலத்தில் திடீரெனப் பெருகும்போது, பழைய பெட்ரோல் ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம் பட்டால் பொறி நின்று எஞ்சின் அணைந்துவிடும். பொறியே வேண்டாத டீசல் ஜீப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தால் நிலைமை தலைகீழாகிறது. நீரை அமுக்க முடியாது. 18 அமுக்க விகிதமுள்ள 2,523 சிசி டீசலில், அமுக்கத்தின் முடிவில் ஒரு சிலிண்டரில் எஞ்சும் இடம் 37 மில்லிலிட்டரே. அதைவிடக் கூடுதலாக நீர் புகுந்தால் பிஸ்டன் பாதியில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அணைந்துபோன பெட்ரோல் ஜீப்பைத் துடைத்துக் காயவைத்து எடுத்துவிடலாம். ராடு வளைந்த டீசலை இழுத்துத்தான் வர வேண்டும். ஓடைக்குள் அணைந்த எந்த வண்டியையும் அங்கேயே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி ரேடியேட்டர். கரிசல் பகுதியின் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. கூலன்ட் தீர்ந்தால் அந்த நீரையே ஊற்றுவது வழக்கமாகிவிட்ட வண்டிகளில், நீரோட்டப் பாதைகளின் உட்சுவரில் வெள்ளைப் பொருக்கு படிந்து வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. மெதுவான ஓட்டத்தில் எதிர்க்காற்று இல்லை. ரேடியேட்டரின் முகப்பைப் பருத்திப் பஞ்சும் சோளத் தூசியும் அடைத்திருக்கின்றன. வெயில் 38 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. மூன்றும் சேரும் நாளில் ஹெட் கேஸ்கட் போய்விடுகிறது. அலுமினிய ஹெட் கொண்ட புதிய எஞ்சின்கள் ஒருமுறை அளவு மீறிச் சூடேறினாலே நெளிந்துவிடுகின்றன. வார்ப்பிரும்பில் செய்த பழைய எஞ்சின்கள் இதில் பொறுமைசாலிகள்.

நம்பகத்தன்மை என்ற சொல்லுக்குப் பொறியியலில் திட்டமான பொருள் உண்டு: குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட சூழலில், பழுதின்றி வேலை செய்யும் நிகழ்தகவு. ஓர் எஞ்சின் ஓடப் பத்து பாகங்கள் தவறாமல் வேலை செய்ய வேண்டும், ஒவ்வொன்றின் நம்பகத்தன்மையும் 99 விழுக்காடு என்றால், எஞ்சினின் நம்பகத்தன்மை அவற்றின் பெருக்கற்பலன், அதாவது 90 விழுக்காடு. பாகங்கள் நாற்பதானால் அது 67 ஆகச் சரிகிறது. இதைக் காட்டிப் புதிய எஞ்சின்களைக் குறைசொல்வோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: இன்றைய சென்சார்கள் ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு என்றால், நாற்பதும் சேர்ந்து 96 விழுக்காட்டைத் தருகின்றன. ஆண்டுக்கு எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணினால் புதிய வண்டியே வெல்லக்கூடும். வேறுபாடு பழுதாகும் விதத்தில் இருக்கிறது. பழைய எஞ்சின் பல மாதங்களுக்கு முன்பே புகையாலும் ஒலியாலும் தன் நோயைச் சொல்லி, அந்த நோயோடே வீடு வந்து சேர்கிறது. புதிய எஞ்சினில் ஒரு கம்பியை எலி கடித்தாலும் கணினி திறனைக் குறைத்துவிடுகிறது, காரணத்தை அறிய ஸ்கேனர் வேண்டும். ஆப்பிரிக்காவில் ஐ.நா. அமைப்புகள் நெடுங்காலம் விரும்பி வாங்கிய டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையின் 4.2 லிட்டர் 1ஹெச்இசட் எஞ்சின், டர்போவும் கணினிச் செலுத்துகையும் இல்லாத டீசல் என்பது இந்தக் காரணத்தால்தான். இந்திய ராணுவம் பல பதிற்றாண்டுகள் பெட்ரோல் ஜிப்சியை நம்பியதற்கு, டீசல் உறைந்துபோகும் மலைக்குளிரில் அது எளிதில் உயிர்பெற்றதும் அதன் எடைக்குறைவும் துணைநின்றன. குளிரே அறியாத சங்கரன்கோவிலில் முதல் காரணம் பொருந்தாது, சேற்றில் புதையாத எடைக்குறைவு மட்டும் நன்றாகவே பொருந்தும்.

உள்ளே போவதைப் பற்றியே பேசிய இந்த அத்தியாயத்தில் வெளியே போகும் ஒன்றுக்கும் இடம் தர வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவிலான சூட்டில் எரித்துத் தன்னைத் துப்புரவு செய்துகொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது அந்தச் சூடு எளிதில் கிடைக்கிறது. காற்றாலைக்குக் காற்றாலை இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து, நிறுத்தி, மீண்டும் ஊரும் வண்டிக்கு அது கிடைப்பதே இல்லை. எரிப்பு பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் அதற்காகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. வடிகட்டி அடைபடுவதை எச்சரிக்கும் விளக்கு எரிவதைப் பார்த்ததும் வண்டியை ராஜபாளையம் சாலையிலோ திருநெல்வேலி சாலையிலோ ஏற்றி, ஒரே சீரான வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டிவருவது மருந்து. அத்தகைய ஓட்டத்துக்கு வழியே இல்லாத வேலைக்கு வண்டி தேடுவோர் பெட்ரோல் எஞ்சினை எடுப்பது அறிவுடைமை, எரிபொருள் செலவு கூடினாலும் சரி.

டிராக்டர்களின் நிலை வேறு. அவற்றுக்கான ட்ரெம்-4 விதிகள் 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கே பொருந்துகின்றன. அந்த வகையில் காமன் ரயில் வந்துவிட்டது. இந்த வட்டாரத்து வயல்களில் மிகுதியாக ஓடும் 35, 45 குதிரைத்திறன் டிராக்டர்கள் இன்னும் கேம் அழுத்தும் பம்போடும் நாசிலைப் பட்டறையிலேயே சோதித்துப் பொருத்தும் வசதியோடும் விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் ஒருநாள் விதி மாறும்போது, கரிசல் காட்டில் முதலில் மாற வேண்டியவை பேரலில் டீசல் சேர்த்துவைக்கும் முறையும், பஞ்சர் கடையில் ஃபில்டருக்குக் காற்றடிக்கும் வழக்கமும், கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்பாமல் உள்ளூரிலேயே நாசிலைப் பார்க்கத் தெரிந்த பட்டறைகளின் எண்ணிக்கையும்தான்.